மெக்கர் இல்லாத இன்ஃபினிட்டி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை, பிடிக்காமல் போகும் அளவுக்கும் இல்லை.

வேலைகள்:
– ஆஸ்டின் டவுன் வீடு, ஃபேன் ரெகுலேட்டர். முடிந்தது.
– ஈஜிபுரா அபார்ட்மெண்ட், பி 302 ரிப்போர்ட். கொடுத்தேன், திரும்பி வந்தது.
– ரெஜினாவுக்கு இருமல் மருந்து. மறந்தேன்.

இரண்டாவதைப் பற்றி எழுத வேண்டும். வெளியே சொல்ல முடியாது, இங்கேயாவது.

பி 302இல் பழைய ஒயரையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாகப் போட்டு முடித்தாயிற்று. வழக்கம்போல் ரிப்போர்ட் எழுதி அசோசியேஷன் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பழைய மேனேஜர் என்றால் சீல் குத்திக் கொடுத்து டீ குடிக்கச் சொல்வார். இன்று புது ஆள். பிரசன்னா என்று ஒரு இன்ஜினியர், திருச்சிப் பக்கம். தாளை நிஜமாகவே படித்தார். இத்தனை வருஷத்தில் அதைப் படித்த முதல் ஆள்.

“இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், எல்லா சர்க்யூட்டுக்கும் இன்ஃபினிட்டின்னு போட்டிருக்கீங்களேண்ணே.”

“ஆமா சார். புது ஒயர்தானே.”

“எந்த மெக்கர்ல பார்த்தீங்க?”

“கை மெக்கர் சார். சுத்தறது.”

“சரி, அதோட சீரியல் நம்பர் எழுதணும். கடைசியா எப்ப காலிப்ரேஷன் பண்ணீங்கன்னும் வேணும்.”

“வூட்டுல இருக்கு சார். பாத்து சொல்றேன்.”

வீட்டில் இல்லை. எங்கேயும் இல்லை. பத்தொன்பது வருஷமாக ஒயரிங் செய்கிறேன், மெக்கர் என்று ஒன்றை வாங்கியதே இல்லை. சுவருக்குள் போகும் ஒயரின் உறையிலிருந்து கரண்ட் ஒழுகுகிறதா என்று சொல்லும் கருவி அது ஒன்றுதான். அதை வைத்துப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.

முதலில் என்னை வேலைக்கு வைத்த காண்டிராக்டர் சொன்னது: “அந்தக் கட்டத்துல இன்ஃபினிட்டின்னு போடு, எவனும் கேக்க மாட்டான்.” எவனும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் “மெக்கர் அடிச்சாச்சு” என்றால் ஒரு பல்பை ஒயரோடு சேர்த்து மாட்டி எரிகிறதா என்று பார்த்தாயிற்று என்றுதான் அர்த்தம். பல்பு எரியாவிட்டால் இன்ஃபினிட்டி. அந்தப் பல்புக்கு சீரீஸ் போர்டு என்று பெயர், எங்கள் வாயில் சீரியஸ் போர்டு. அதில் சீரியஸாக ஒன்றும் கிடையாது.

திரும்பும்போது பால் பூத் அருகே பூங்கொடிக்கா. போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ பேசுவதுபோல் சந்து மாறிப் போனேன். போனில் யாரும் இல்லை. மூன்று மாதமாக அந்த அக்காவைக் கண்டால் இதுதான் செய்கிறேன்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. குளிர்காற்று. இருமல் மருந்து வாங்கினேன்.

ரெஜினாவிடம் சொல்லித் தொலைத்தேன், மெக்கர் வாங்க வேண்டும் என்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“உங்கிட்ட இல்லியா?”

“இல்ல.”

“அப்ப இத்தினி வருசமா இன்னாத்தப் பாத்து எழுதின?”

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பத்தொன்பது வருஷம் உன் வயிறு இதில்தான் நிறைந்தது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். திட்டவில்லை. அரிசியை உலையில் போட்டுவிட்டு, “பூங்கொடிக்கா வேலை செஞ்ச வூட்டுக்கும் அப்பிடித்தான் எழுதினியா?” என்றாள்.

அப்படித்தான்.

அதையும் எழுதிவிடுகிறேன். அதே அபார்ட்மெண்டில் சி 104, வீணா மேடம் வீடு. மூன்று வருஷத்துக்கு முன் அங்கே சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் துலக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் புது லைன் இழுத்தேன். ரிப்போர்ட்டில் இன்ஃபினிட்டி. அப்போது மேடம் வேலைக்கு ஆள் கேட்டார். எங்கள் பக்கத்துச் சந்து பூங்கொடிக்காவை நான்தான் சேர்த்துவிட்டேன். நன்றாகவே போனது. இந்த மார்ச் கடைசியில் அக்கா, பாத்திரம் துலக்கும் குழாயைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்றார். மேடம் நம்பவில்லை. அக்கா செருப்பைக் கழற்றாமல் உள்ளே வர ஆரம்பித்தார். அதுதான் பெரிய சண்டையானது. வேலைக்கு வருபவர்கள் செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும், அந்த வீட்டில் அது சட்டம்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். மதியம் போனேன். குழாயை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரையும் வைத்தேன். ஒன்றும் இல்லை. சிரித்தேன். “சும்மா பயம் மேடம், மனசுலதான் இருக்கு” என்றேன், அக்கா அங்கேயே நிற்கும்போது. மேடம் ஃபைலிலிருந்து என் ரிப்போர்ட்டை எடுத்து அக்காவிடம் காட்டினார். இன்ஃபினிட்டி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

மறுநாள் அக்காவுக்கு வேலை போயிற்று. இது வரைக்கும் எனக்குத் தெரியும். மீதியை ரெஜினா இன்று சொன்னாள். அந்த அபார்ட்மெண்ட் கேட்டுக்கு ஒரு ஆப் இருக்கிறது. வேலைக்கு வருபவர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வார்த்தை எழுதலாம். அக்கா பெயருக்குக் கீழே ஒரே நட்சத்திரம். கரண்ட் அடிக்கிறது என்று பொய் சொல்லி வேலையைத் தட்டிக் கழிப்பவர் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம். அதைப் பார்த்துவிட்டு அந்தக் கேட்டுக்குள் ஒரு வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது விவேக்நகரில் ஒரு மெஸ்ஸில் அண்டா கழுவுகிறார்.

“நீ சிரிச்சதாலதான் அந்தம்மா அப்பிடி எழுதுச்சு” என்றாள் ரெஜினா.

குழாயில் ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னேன், நிஜமாகவே ஒன்றும் இல்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாலை பிரசன்னா போன். மெக்கர் நம்பர் கேட்டார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். இல்லாத கருவி இப்போது ரிப்பேரும் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்களாம், நான் ஒயரிங் செய்த எல்லா வீட்டுக்கும் 18ஆம் தேதிக்குள் புது ரிப்போர்ட் வேண்டுமாம். ஏ 201, பி 302, பி 405, சி 104, டி 003.

“இன்ஃபினிட்டின்னு எழுதாதீங்கண்ணே. அது ஒரு அளவே இல்ல. மீட்டர் எது வரைக்கும் காட்டுதோ அதுக்கு மேலன்னு நம்பரா எழுதுங்க.”

வீட்டு எண்களைக் குறித்துக்கொண்டபோது சி 104ஐக் கடைசிக்குத் தள்ளினேன்.

ஜூலை 10, வியாழன்

எஸ்.பி. ரோடு. பைக்கை டவுன் ஹால் பக்கம் விட்டுவிட்டு நடந்தேன். தெரிந்த கடைகளைத் தாண்டிப் போனேன். எலெக்ட்ரீஷியன் தாஸே மெக்கர் விலை கேட்டான் என்றால் சாயந்திரத்துக்குள் எங்கள் நீலசந்திரா முழுக்கப் பரவிவிடும். படியிறங்கிப் போகும் ஒரு சின்னக் கடை, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு பாய்.

“ஃபேக்டரிக்கா, வூட்டுக்கா?”

“வூட்டு ஒயரிங்குக்கு பாய்.”

“மொதல் தடவையா வாங்கறீங்க?”

“எனக்கில்ல. ஃப்ரெண்டுக்கு.”

“ஃப்ரெண்டு இவ்ளோ நாளா எதுல பாத்தாரு?”

“மல்டிமீட்டர்ல.”

பாய் சிரித்தார். “அதுக்குள்ள இருக்கறது ஒம்பது வோல்ட் பேட்டரி. அத்த வெச்சு இன்சுலேஷன் பாக்கறது, ட்யூப்ல காத்து அடிக்காம பஞ்சர் தேடற மாதிரி. ஐநூறு வோல்ட் குடுத்து அமுக்கணும். அப்பதான் எங்க ஒழுகுதுன்னு தெரியும். உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். ஃப்ரெண்டுக்காகக் காது சூடாகிவிட்டது.

பார்த்தவை:

கை மெக்கர். கறுப்புப் பெட்டி, பக்கத்தில் சுற்றும் கைப்பிடி. பேட்டரி வேண்டாம். கனம். ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே முள்ளைப் படிக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. முள் போகும் கோட்டின் முனையில் எட்டைப் படுக்கப் போட்டதுபோல் ஒரு குறி. நான் எழுதி வந்த இன்ஃபினிட்டி இதுதானாம். இன்றுதான் நேரில் பார்த்தேன்.

டிஜிட்டல். 250, 500, 1000 என்று மூன்று அழுத்தம். வீட்டுக்கு 500. கழற்ற முடியாத எலெக்ட்ரானிக் சாமான் லைனில் இருந்தால் 250. 1000 பக்கம் வீட்டில் போக வேண்டாம் என்கிறார் பாய். பட்டனை அமுக்கிப் பிடித்து எண் நிலைக்கும் வரை பொறுக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியது: லைனில் கரண்ட் இருந்தால் டெஸ்டை ஆரம்பிக்காமல் கத்த வேண்டும். முடிந்ததும் ஒயரில் தேங்கியதைத் தானே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்துத் தொடுபவனுக்கு அடி விழும். காலிப்ரேஷன் சர்டிஃபிகேட். நல்ல கிளிப், நல்ல முனை.

ஆன்லைனில் வரும் மலிவானது: 500 கொடுப்பதாகத் திரையில் காட்டும், லோடு வந்தால் பாதிகூடக் கொடுக்காது என்கிறார். தன் வியாபாரத்துக்காகவும் சொல்லலாம். ஆனால் அதோடு சர்டிஃபிகேட் வராது என்பது நிஜம்.

வாங்காமல் வந்தேன். யோசிக்கிறேன் என்றேன். “ஃப்ரெண்டு யோசிக்கட்டும்” என்றார் பாய்.

ஜூலை 11, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

பகல் முழுக்க மனசு கை மெக்கர் பக்கமே போனது. காரணத்தை நேர்மையாக எழுதினால்: பார்க்கப் பெரிதாக இருக்கும். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து நாலு சுற்று சுற்றினால் வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். இவ்வளவு அனுபவித்த பிறகும் என் கவலை அடுத்தவர் கண்ணைப் பற்றியே இருக்கிறது. எண் சரியாக வருமா என்று முதலில் தோன்றவில்லை. நானே காறித் துப்ப வேண்டிய புத்தி.

தனியாக வேலை செய்பவன் நான். ஒரு கையில் பட்டன், ஒரு கையில் முனை. டிஜிட்டல்தான் சரி. அதில் 500 வைத்தால் போதும்.

ஜூலை 12, சனி

வாங்கியாயிற்று. பாய் பில்லில் பெயர் கேட்டார். ஃப்ரெண்டு பெயரைச் சொல்ல எனக்கு ஒரு ஃப்ரெண்டும் இல்லை. “அருள்தாஸ்” என்றேன். “உங்க பேரு?” என்றார். “அதான்.” பாய் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார், எழுதினார். பிறகு அரைமணி நேரம் உட்கார வைத்து எப்படிப் பிடிப்பது, எதையெல்லாம் கழற்றிவிட்டு டெஸ்ட் செய்ய வேண்டும் என்று காட்டினார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.

ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் தேறாது. புது லைன் என்றால் நூற்றுக்கணக்கில் வர வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் ஏழரை பூசைக்குப் போனோம். பாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். நேரமாகிறது என்று ரெஜினாவிடம் சொல்லிக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நேரம் ஆகவில்லை.

முதல் டெஸ்ட் சொந்த வீட்டில். மெயினை இறக்கி, பிளக்கெல்லாம் பிடுங்கி, பல்பு கழற்றி. ஹால் 90. சமையலறை 35. பாத்ரூம் கீசர் லைன் 0.6. அதாவது ஃபெயில். எலெக்ட்ரீஷியன் வீட்டு பாத்ரூம். என் மனைவி தினம் குளிக்கும் இடம்.

கீசர் லைனை உடனே மாற்றினேன். 400 காட்டியது. ரெஜினா வாசல்படியில் நின்று பார்த்தாள்.

“இத்தினி நாளு நம்ப வூட்டுலயும் பாக்கலியா?”

“பாக்கல.”

“நல்ல ஆளு” என்று மட்டும் சொன்னாள். மதியம் பிரியாணி செய்திருந்தாள், ருசி தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி தூறல். அபார்ட்மெண்டில் நாலு வீடு முடித்தேன்.

ஏ 201 – எல்லாம் 150க்கு மேல்.
பி 302 – 2000க்கு மேல் (மீட்டரின் எல்லை).
பி 405 – 80, 120, 95.
டி 003 – தரைத்தளம், ஈரம், இருந்தும் 20.

ஒவ்வொரு எண் வரும்போதும் மூச்சு வந்தது. நாலாவது வீட்டில் விசில் அடித்துக்கொண்டிருந்தேன் என்பதை லிஃப்ட் கண்ணாடியில் பார்த்துத்தான் உணர்ந்தேன். பார்க்காமல் எழுதியதும் சரியாகத்தானே வந்திருக்கிறது என்று ஒரு நினைப்பு. கிணற்றில் கல்லை எறிந்துவிட்டு யார் தலையிலும் விழவில்லை என்று சந்தோஷப்படுபவன் மாதிரி.

சி 104ஐ நாளைக்குத் தள்ளினேன். மேடம் இருக்க மாட்டார் என்று காரணம். மேடம் இருந்தார், பால்கனியில் பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

கா. பத்து மணிக்கு சி 104. வீணா மேடம் லேப்டாப்பில் மீட்டிங். கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார். பாத்திரம் துலக்கும் இடத்தில் புதிதாக வேலைக்கு வந்த ரத்னம்மா, கோலார் பக்கத்து அம்மா. முதலில் கண்ணில் பட்டது குழாய். அதன் பிடியில் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

கன்னடத்தில் கேட்டேன், இது எதற்கு என்று. ரத்னம்மா ஹால் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “ஜும்முனு இழுக்குதுப்பா. தெனமும் இல்ல, மெஷின் ஓடித் தண்ணி தெறிச்சா. மேடம்கிட்ட சொல்லிடாத. முன்னால இருந்தவங்க இதச் சொல்லித்தான் போனாங்களாம்.”

அவருக்கு வெறுங்கால். தரை முழுக்கத் தண்ணீர். நான் ஷூ போட்டிருந்தேன். எலெக்ட்ரீஷியனை அந்த வீட்டில் யாரும் ஷூவைக் கழற்றச் சொல்வதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. மெஷின் ஓடாத மதியத்தில், ரப்பர் அடி வைத்த ஷூவோடு காய்ந்த தரையில் நின்று, குழாயைப் பிடித்து, ஒன்றும் இல்லை என்று சிரித்தவன் நான். அக்கா செருப்பு போட்டுக்கொண்டு வந்தது எதற்கு என்று எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் நான். அக்கா தானாகக் கண்டுபிடித்ததை எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

மெயினை இறக்கி வாஷிங் மெஷின் லைனில் மெக்கர் போட்டேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.04. மறுபடி போட்டேன். 0.04. மூன்றாவது தடவை போடக் காரணமே இல்லை, போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மெயினை ஏற்றினேன். ரத்னம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். ஷூவைக் கழற்றினேன், சாக்ஸையும். ஈரத்தில் நின்று புறங்கையால் குழாயைத் தட்டினேன். முழங்கை வரை இழுத்தது. சேஃப்டி சுவிட்ச் விழும் அளவுக்கு ஒழுக்கு இல்லை, உடம்புக்குத் தெரியும் அளவுக்கு இருக்கிறது. இதைத்தான் பூங்கொடிக்கா எத்தனை நாள் வாங்கினார் என்று தெரியவில்லை. கேட்க இனிமேல்தான் தைரியம் வர வேண்டும்.

மெயினை மறுபடி இறக்கி ஒயரை உருவினேன். என்ன வரும் என்று தெரியும், உருவும்போதே ஞாபகம் வந்துவிட்டது. லைன் இழுத்த அன்றைக்கு ஒயர் ஒன்றரை மீட்டர் குறைந்தது. கடைக்குப் போகச் சோம்பல். பைப்புக்குள்ளேயே முடிச்சுப் போட்டு டேப் சுற்றித் தள்ளிவிட்டேன். பைப்புக்குள் முடிச்சு போடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்பவன். சிவப்பு டேப், ஊறிப்போய், உள்ளே செம்பு பச்சை பூத்து வந்தது. சுவரும் ஈரம், குழாயும் அதே சுவரில்.

புது ஒயர், முடிச்சில்லாமல். எர்த்தும் புதிது. டெஸ்ட்: 2000க்கு மேல். வெறுங்காலோடு குழாயைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. ரத்னம்மாவைத் தொடச் சொன்னேன். பயந்து பயந்து தொட்டு, கவரைக் கழற்றினார்.

மேடம் மீட்டிங் முடிந்து வந்தார். “எல்லாம் சரியா தாஸ்?”

“வாஷிங் மெஷின் லைன் ஈரத்துல வீணாயிடுச்சு மேடம். மாத்திட்டேன்.”

வீணாயிடுச்சு என்றேன். நான் வீணாக்கினேன் என்று வரவில்லை. பூங்கொடி என்ற பெயரும் வரவில்லை. மேடம் காபி கொடுத்தார், குடித்தேன். என்ன மனுஷன் நான்.

ஜூலை 18, வெள்ளி

காற்று, மழை இல்லை.

ரிப்போர்ட் கொடுத்தேன். சி 104இல் கடைசியாக வந்த எண்ணை மட்டும் எழுதினேன். 0.04ஐ எழுதவில்லை. பிரசன்னா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “இதுதாண்ணே ரிப்போர்ட். மத்த எலெக்ட்ரீஷியன்களுக்கு உங்களோடதைத்தான் காட்டப் போறேன்” என்றார். டீ வரவழைத்தார். உட்கார முடியவில்லை, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

முன்பு எழுதிய பொய்க்குக் கருவி இல்லை என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது கருவி இருக்கிறது.

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைப்புக்குள் முடிச்சு, ஷூ, பால் கவர். கேட்டு முடித்து, “எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது?” என்றாள்.

ஜூலை 19, சனி

சி 104. ஷூவை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போனேன். மேடம் கவனித்தார், கேட்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். கன்னடத்தில் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன், பாதியில் எல்லாம் மறந்து துண்டு துண்டாக வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் மெக்கர் போடவில்லை. அந்த முடிச்சு நான் போட்டது. குழாயில் கரண்ட் இருந்தது. பூங்கொடிக்கா சொன்னது உண்மை.

மேடம் லேப்டாப்பை மூடினார். பிறகு, “அவ இங்கதான் நின்னா. நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன் தாஸ்” என்றார். முகம் சிவந்துவிட்டது. பெரிய படிப்பு படித்தவர், என் முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

போனை எடுத்து ஆப்பைத் திறந்து அந்த நட்சத்திரத்தையும் எழுத்தையும் அழித்தார். எனக்குக் காட்டினார். “அழிச்சாச்சு. உங்க பேரு வெளிய வர வேணாம். இந்தக் காம்பவுண்ட்ல உங்களுக்கு இவ்ளோ வேலை இருக்கு, சும்மா எதுக்கு? பிடி” என்றார். கன்னடத்தில் ‘பிடி’ என்றால் விட்டுவிடுங்கள்.

படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. கேட்டைத் தாண்டும் வரை இருந்தது. தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு அது என்று தெரிந்ததும் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே ரொம்ப தூரம் நடந்தேன். அக்கா இந்தக் கேட்டுக்கு வெளியே அண்டா கழுவுகிறார், எனக்கு உள்ளே டீ.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கா. எட்டு மணிக்கு பூங்கொடிக்கா வீடு. பத்துக்கு மெஸ் வேலைக்குக் கிளம்புவார் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். ஒரு தாளில் இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதிக் கொண்டுபோனேன், ஒரு பக்கம் முழுக்க.

அக்கா கதவைத் திறந்து, “இன்னா தாசு, போனு பேசலியா இன்னிக்கி?” என்றார். தெரிந்துதான் இருந்திருக்கிறது, இத்தனை நாளும்.

உள்ளே உட்காரச் சொன்னார். சொன்னேன். ஒயர் குறைந்ததிலிருந்து ஆரம்பித்து மேடம் ஆப்பில் அழித்தது வரைக்கும். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஈரமாக இல்லை.

“எத்தினி வாட்டி அடிச்சுதுக்கா?” என்று கேட்டேன்.

“எண்ணிக்கினா இருந்தேன்? ஒரு நாளு சட்டி கைய வுட்டு எகிறி வுழுந்துச்சு. அதுக்கும் நான்தான் ஒடைச்சேன்னு.” முந்தானையை இடுப்பில் செருகினார். “அடிச்சது கூடப் பரவால்ல தாசு. நம்ப ஆளு வந்துட்டான், இப்ப சொல்லுவான்னு நின்னேன் பாரு. அதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்து நாலு வயதில், அடுத்தவர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில். அக்கா சமாதானம் செய்யவில்லை.

“அழிச்சிட்டாங்கக்கா” என்றேன்.

“அழிச்சா? சி பிளாக்குல ஆறு வூட்டுல வேலை கேட்டேன். ஆறு பேரும் படிச்சிருக்காங்க. அழிச்சத எவங்க படிச்சாங்க?”

தாளை எடுத்து நீட்டினேன். தமிழில் இருந்ததை ஜன்னல் பக்கம் பிடித்து மெதுவாகப் படித்தார். எட்டாவது வரை படித்தவர். திருப்பிக் கொடுத்தார்.

“இன்னா தாசு இது. மன்னிக்கணும் மன்னிக்கணும்னு நாலு எடத்துல. மனசாட்சி உறுத்துதுன்னு வேற. இத்தப் படிச்சா ஐயோ பாவம், நல்ல மனுசன்னு உன்னத்தான் சொல்லுவாங்க. அதெல்லாம் அடிச்சிடு. கொழாயில கரண்ட் இருந்துச்சு. பூங்கொடி சொன்னது நெஜம். ஒயரு போட்டவன் நானு. அவ்ளோதான் எழுது.”

அங்கேயே வேறு தாள் வாங்கி எழுதினேன். மூன்று வரி. 0.04 என்ற எண், தேதி, லைசன்ஸ் நம்பர், கையெழுத்து. கீழே இங்கிலீஷில் அதே மூன்று வரி. அக்கா வாங்கிப் பார்த்து, எண்ணில் விரலை வைத்து, “இதான் அந்தக் கரண்டா?” என்றார். ஆமாம் என்றேன்.

“மன்னிச்சிட்டியாக்கா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அது வேற” என்றார். “போயி மொதல்ல இத்த ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா. ஆறு காப்பி. நானே ஒவ்வொரு வூடா போயி குடுக்கறேன்.”

சர்ச் எதிரே உள்ள கடை திறந்திருந்தது. கடைக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர், அவர் கடைக்கு ஒயரிங் செய்ததே நான்தான். தாளைக் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன் படித்தார். முழுக்கப் படித்தார். பிறகு தலைக்கு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார், சுவிட்ச் போர்டைப் பார்த்தார்.

“எத்தினி?” என்றார்.

அக்கா சொன்னது ஆறு. ஏழு என்றேன். ஏழாவது காப்பி, நாளைக் காலை பிரசன்னாவுக்கு.